கரையோர மீன்களின் வாழ்க்கை முறையும் மீன்வள நிர்வாகமும்
கோட்டுகால் கடற்கரை காட்டும் வழி

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ளது கோட்டுகால் ஊராட்சி. தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் நிறைந்த இவ்வூராட்சியின் மேற்கு எல்லை அரபிக் கடலாகும். சொவ்வரைப் பகுதியின் செம்மண் மேடுகள் கடலை நோக்கிச் சரியும் இடத்துக்குத் தெற்கே அடிமலத்துறை என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் விழிஞ்ஞம் துறைமுகமும், தெற்கே நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரும் உள்ளன. இன்னும் தெற்கே சென்றால் பொழியூரில் கேரளம் முடிந்து, நீரோடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்படும் வரை இக்கரை முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. கட்டுமரம், கரமடி, சாளை ஆகிய சொற்கள் எல்லையின் இருபுறமும் இன்றும் வழங்குகின்றன.

இக்கரையில் வாழும் மீனவக் குடும்பங்களின் வருவாய், கரையிலிருந்து சில மைல் தொலைவுக்குள் கிடைக்கும் மீன்களையே பெரிதும் நம்பியுள்ளது. அம்மீன்கள் எப்போது முட்டையிடுகின்றன, எவ்வளவு காலத்தில் வளர்கின்றன, எங்கே தங்குகின்றன என்பவை மீன்வள நிர்வாகத்தின் அடிப்படைக் கேள்விகள். எல்லா மீன்களுக்கும் ஒரே விடை இல்லை. ஆகவே ஒரே சட்டத்தால் எல்லா மீன்களையும் காக்க இயலாது. காலம், அளவு, இடம் ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பு அளித்தால்தான் கரையோர மீன்வளம் நிலைக்கும்.

கடலின் பருவச் சுழற்சி

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும்போது கன்னியாகுமரி முதல் வடக்கு நோக்கிக் கடலில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்கிறது. காற்றின் விசையாலும் புவியின் சுழற்சியாலும் மேற்பரப்பு நீர் கரையை விட்டு அப்பால் நகர்கிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அந்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் போன்ற ஊட்டச் சத்துகள் மிகுந்துள்ளன. மேலே வந்து சூரிய ஒளி பட்டவுடன் அவை கண்ணுக்குப் புலப்படாத மிதவைத் தாவரங்களை வளர்க்கின்றன. இத்தாவரங்களையும், இவற்றைத் தின்று வாழும் நுண்ணிய உயிரினங்களையும் உண்டே கோடிக்கணக்கான மீன்குஞ்சுகள் வளர்கின்றன.

கடல் கொந்தளிக்கும் இக்காலமே மீன்வளம் புதுப்பிக்கப்படும் காலமாகும். திறந்த மணற்கரையான அடிமலத்துறையில் பேரலைகளைக் கடந்து கட்டுமரமோ வள்ளமோ இறக்குவது அப்போது அரிது. விழிஞ்ஞம் வளைகுடா பாறைகளால் காக்கப்பட்டு ஓரளவு அமைதியாக இருப்பதால், திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளுடன் அங்கு வந்து தொழில் செய்கின்றனர். நெத்திலி, வாளை, அயலை, கணவாய் ஆகியவை இப்பருவத்தில் மிகுதியாகக் கிடைக்கின்றன.

விரைவில் வளர்ந்து விரைவில் மறையும் சாளை

கேரளத்தில் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீன், ஏழை எளியோரின் முக்கியப் புரத உணவு. இது கூட்டமாக நீரின் மேற்பகுதியில் வாழ்ந்து மிதவைத் தாவரங்களை, குறிப்பாக டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளை, உண்கிறது. இதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளே. ஓராண்டில் சுமார் 15 செ.மீ. நீளம் எட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முட்டையிடுகிறது. ஒரு பெண் மீன் பல பத்தாயிரம் முட்டைகளை இடுகிறது. அவை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் பொரிக்கின்றன. பருவமழைக்குப் பின் இளஞ்சாளைக் கூட்டங்கள் கரையை ஒட்டி வருகின்றன. கரமடிகளிலும் சுருக்கு வலைகளிலும் இவை பெருமளவில் சிக்குவது அப்போதுதான்.

ஆயுள் குறைவாக இருப்பதால் ஓராண்டின் இனப்பெருக்கம் பொய்த்தால் அடுத்த ஆண்டே மீன்பிடிப்பு சரிந்துவிடும். 2012ஆம் ஆண்டில் கேரளக் கரையில் சுமார் 3.9 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் கிடைத்ததோ 3,297 டன் மட்டுமே. பின்னர் 2023ஆம் ஆண்டில் அது 1.38 லட்சம் டன்னாக உயர்ந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இப்புள்ளிவிவரங்கள் இருவகைப் பாடம் தருகின்றன. சாளை மிக விரைவில் வீழும். வாய்ப்பு அமைந்தால் மீண்டும் எழும். வீழ்ச்சிக்கு மீன்பிடிப்பு மட்டும் காரணமன்று. கடல் வெப்பம், மழை, மிதவைத் தாவரங்களின் அளவு ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களும் காரணமாகின்றன. இயற்கை கைகொடுக்காத ஆண்டில் எஞ்சியிருக்கும் தாய்மீன்களே இனத்தைக் காக்கின்றன. அவற்றைக் கடலில் விட்டுவைப்பது மனிதரின் கையில் உள்ளது.

இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. 1940களில் மலபார்க் கரையில் சாளை பெரிதும் குறைந்தபோது, அன்றைய சென்னை மாகாண அரசு 1943ஆம் ஆண்டில் இளஞ்சாளைகளைப் பிடிக்கும் சில வலைகளுக்குத் தடை விதித்தது. மீனவர்களின் உடனடி வருவாயைப் பாதித்த அக்கட்டுப்பாடு சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. உயிரியல் உண்மை சரியாக இருந்தாலும், அதனால் நேரும் இழப்பை யார் தாங்குவது என்னும் கேள்விக்கு விடையில்லாத சட்டம் நிலைக்காது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அடிநீரில் வாழும் கிளிமீன்

தமிழ்நாட்டில் சங்கரா எனப்படும் கிளிமீன் கடலின் அடித்தளத்தை ஒட்டி வாழ்வது. சிறு இறால்கள், நண்டுகள், சிறு மீன்கள் இதன் இரை. இழுவலைகள் அடித்தளத்தை வாரிச் செல்லும்போது வளர்ந்த மீனுடன் இதன் குஞ்சுகளும் சேர்ந்தே வருகின்றன. இழுவலையின் பின்முனைப் பையில் கண்ணி சிறிதாக இருந்தால் எதுவும் தப்ப இயலாது.

சாய்சதுரக் கண்ணி வலை இழுக்கப்படும்போது நீண்டு குறுகி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சதுரக் கண்ணியோ இழுவிசையிலும் திறந்தே நிற்கிறது; சிறு மீன்கள் அதன் வழியே வெளியேறுகின்றன. ஆகவே கண்ணியின் அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியம். இழுவலையின் பைப்பகுதியில் 35 மி.மீ.க்குக் குறையாத கண்ணி இருக்க வேண்டும் என்பது கேரளத்தின் விதியாகும்.

பாறையை நாடி வாழும் உயிர்கள்

விழிஞ்ஞம் முதல் குளச்சல், முட்டம் வரை ஆங்காங்கே கடலில் பாறைகள் உள்ளன. கடலுள் மறைந்து கிடக்கும் இத்தகைய பாறைத் திட்டுகளை மீனவர்கள் பார் என்பர். பழுப்பு நிறச் சிப்பிகள் இப்பாறைகளில் ஒட்டி வளர்கின்றன. மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பது இக்கரையில் தனித் தொழில். சிங்கி இறால் பாறை இடுக்குகளில் பகலில் ஒளிந்து, இரவில் இரை தேடுகிறது. பெண் சிங்கி இறால் தன் முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து காக்கிறது. பொரித்த குஞ்சுகள் கண்ணாடி போன்ற மெல்லிய உருவில் மாதக்கணக்கில் கடலில் மிதந்து, பின்னரே பாறைக்குத் திரும்புகின்றன. சினையுடன் கூடிய ஒன்றைப் பிடித்தால் ஆயிரக்கணக்கான முட்டைகளும் அதனுடன் அழிகின்றன.

கலவா மீனின் வாழ்க்கை மேலும் வியப்பானது. அதன் பெரும்பாலான இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, வயதான பின் ஆணாக மாறுகின்றன. ஒரு பாரில் உள்ள பெரிய மீன்கள் அனைத்தும் பிடிக்கப்பட்டால் அங்கே ஆண் மீன்களுக்கே பஞ்சம் ஏற்படும். குஞ்சைக் காத்தால் மட்டும் போதும் என்னும் பொதுவிதி இங்கே பொருந்தாது. முதிர்ந்த மீன்களில் ஒரு பகுதியும் எஞ்சியிருக்க வேண்டும்.

சுறா, திருக்கை ஆகியவை இன்னொரு வகை. இவை பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதிர்ச்சி அடைந்து, மிகக் குறைந்த எண்ணிக்கையில் குட்டிகளையோ முட்டைகளையோ ஈனுகின்றன. சாளை சில ஆண்டுகளில் மீளலாம். சுறா இனம் ஒருமுறை குறைந்தால் மீளப் பல்லாண்டுகள் வேண்டும். கடலின் மிகப் பெரிய மீனான அம்மணி உழுவைக்கு 2001ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

காலத்தைக் காக்கும் சட்டம்

1953ஆம் ஆண்டில் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கப்பட்ட இந்தோ-நார்வேத் திட்டம் கேரளத்தில் விசைப்படகுத் தொழிலுக்கு வித்திட்டது. ஏற்றுமதி இறாலின் விலை உயர, இழுவலைப் படகுகள் பெருகின. 1970களில் விசைப்படகுகளுக்கும் பாரம்பரிய மீனவர்களுக்கும் இடையே கடும் போட்டி மூண்டது. இதன் விளைவாக 1980ஆம் ஆண்டில் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டின் சட்டம் 1983ஆம் ஆண்டில் வந்தது. வல்லுநர் குழுக்களின் ஆய்வுகளையும் மீனவர் போராட்டங்களையும் தொடர்ந்து, 1988ஆம் ஆண்டில் கேரளத்தில் பருவமழைக்கால இழுவலைத் தடை நடைமுறைக்கு வந்தது. நீண்ட காலம் 47 நாள்களாக இருந்த இத்தடை, 2018ஆம் ஆண்டு முதல் ஜூன் 9ஆம் நாள் நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள்களாக நீட்டிக்கப்பட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள். அம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதி உட்படத் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆகும். நீரோடிக்கும் பொழியூருக்கும் இடையே மீன்களுக்கு எல்லைக் கல் இல்லை. இருப்பினும் இரு மாநிலப் படகுகளுக்கும் நாள்கள் வேறுபடுகின்றன. அண்டை மாநிலங்கள் ஒரே கடற்பகுதியை ஒரே கணக்கில் நிர்வகிக்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

தடைக்காலம் பருவமழையில் முட்டையிடும் மீன்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஆனால் அதற்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதே முக்கியம். ஜூலையில் பிறந்த சாளை, தடை நீங்கும்போது இன்னும் குஞ்சுதான். அக்டோபரில் அதனைச் சிறு கண்ணி வலை வாரிக்கொண்டால் ஜூலையில் கிடைத்த பாதுகாப்பின் பயன் பெரிதும் வீணாகும்.

அளவைக் காக்கும் சட்டம்

இக்குறையை நீக்கவே குறைந்தபட்ச அளவு விதி ஏற்பட்டது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைப்படி, 2015ஆம் ஆண்டில் கேரள அரசு 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை அறிவித்தது. பின்னர் அப்பட்டியல் 58 இனங்களாக விரிந்தது. சாளைக்கு 10 செ.மீ., கிளிமீனுக்கு 12 செ.மீ., அயலைக்கு 14 செ.மீ., வாளைக்கு 46 செ.மீ. என்பவை இவ்விதியின் சில அளவுகள். ஏற்றுமதியாகும் சிங்கி இறாலுக்கு மத்திய அரசு 2003ஆம் ஆண்டிலேயே குறைந்தபட்ச எடையை வரையறுத்தது.

இந்த அளவுகளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாளை முதிர்ச்சி அடைவது சுமார் 15 செ.மீ. நீளத்தில், அயலை சுமார் 18 செ.மீ. நீளத்தில். ஆக, சட்டம் கூறும் நீளத்தை எட்டிய மீன் ஒருமுறையேனும் முட்டையிட்ட மீனாக இருக்கும் என்று கொள்ள இயலாது. பல இன மீன்கள் ஒரே வலையில் கலந்து வரும் நம் கடலில், முதிர்ச்சி அளவையே எல்லையாக வைத்தால் தொழில் நடத்துவது கடினம். எனவே சட்டத்தின் அளவு, இதற்குக் கீழே இறங்கவே கூடாது என்னும் அடிக்கோடு மட்டுமே. அதற்கு மேலும் பொறுப்பது மீனவருக்கே இலாபம்.

ஒரு கணக்கைக் காண்போம். மீனின் எடை ஏறக்குறைய அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கிறது. நீளம் ஒன்றரை மடங்கானால் எடை மூன்று மடங்குக்கும் அதிகமாகும். 10 செ.மீ. சாளை ஒன்று சுமார் 10 கிராம் என்று கொண்டால், 15 செ.மீ. சாளை சுமார் 34 கிராம் இருக்கும். ஆயிரம் இளஞ்சாளைகளை இன்று பிடித்தால் கிடைப்பது 10 கிலோ. அவற்றை வளரவிட்டு, இடையில் பாதி மீன்கள் பெரிய மீன்களுக்கு இரையாயின என்று கொண்டாலும், எஞ்சிய 500 மீன்களின் எடை 17 கிலோ. அவை முட்டையிடும் வாய்ப்பையும் பெறும். சிறு மீன் மீன்தூள் ஆலைக்குக் குறைந்த விலையில் செல்கிறது. வளர்ந்த மீன் சந்தையில் உணவாக நல்ல விலைக்குப் போகிறது. எடையிலும் விலையிலும் இலாபம் பொறுத்தவருக்கே.

அவ்வாறெனில் மீனவர் ஏன் பொறுப்பதில்லை? காரணம் அறியாமையன்று. தாம் விட்டுவைத்த கூட்டத்தை அடுத்த படகு அள்ளிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். எண்ணெய்ச் செலவும் வலைக்கடனும் அன்றைய மாலையே பணம் கேட்கின்றன. கடல் எல்லோருக்கும் பொது. பொறுமையின் பலனும் பொதுவாகிவிடுகிறது. ஆனால் பொறுமையின் இழப்பு மட்டும் தனியொருவர் தலையில் விழுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதே மீன்வள நிர்வாகத்தின் மையப் பணி.

மேலும், வலையில் சிக்கிய குஞ்சுகள் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. கரையில் தண்டனைக்கு அஞ்சி இறந்த மீனைக் கடலிலேயே கொட்டினால் பயனில்லை. கூட்டத்தின் மீன் சிறிதென அறிந்தவுடன் வலையை வளைக்காமல் விலகுவதே உண்மையான பாதுகாப்பு. வளர்ந்த நிலையிலும் சிறியதான நெத்திலிக்குச் சிறு கண்ணி வலை தேவைப்படுகிறது. அவ்வலையையே சாளைக்குஞ்சின் மீது வீசாமல் இருக்க, வலைக்கு மட்டுமன்றி அதைப் பயன்படுத்தும் பருவத்துக்கும் இடத்துக்கும் விதி வேண்டும்.

இடத்தைக் காக்கும் முயற்சி

தூண்டில் மீனவர்கள் கரையிலுள்ள மலை, கோயில் கோபுரம், தேவாலயம் போன்ற அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்படப் பார்த்து, கடலுள் மறைந்துள்ள பாரின் இடத்தைத் துல்லியமாக அறிவர். இம்முறை கணிச்சம் எனப்படும். மணற்பாங்கான கடலடியில் கற்களையும் தென்னை அடிமரங்களையும் இட்டுச் செயற்கைப் பார் உருவாக்கும் வழக்கமும் இக்கரை மீனவரிடம் இருந்துள்ளது.

இப்பட்டறிவை ஒட்டியே செயற்கைப் பவளப்பாறைத் திட்டங்கள் அமைந்தன. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ், பொழியூர் முதல் வர்க்கலை வரை திருவனந்தபுரம் மாவட்டக் கடலில் 42 இடங்களில், இடத்துக்கு 150 வீதம் 6,300 கான்கிரீட் அமைப்புகளை இறக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. 13.02 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டம் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் விழிஞ்ஞத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. கான்கிரீட்டின் மேல் பாசியும் சிப்பியும் படர, சிறு மீன்கள் ஒதுங்க, அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. இழுவலை சிக்கிக் கிழியும் என்பதால் படகுகளும் அப்பகுதியைத் தவிர்க்கின்றன.

எனினும் இதிலும் எச்சரிக்கை தேவை. செயற்கைப் பாறை மீனைப் பெருக்கலாம்; பரவிக் கிடக்கும் மீனை ஓரிடத்தில் திரட்டவும் செய்யலாம். திரண்ட மீனைச் சுருக்கு வலையாலோ ஒளிவிளக்காலோ வாரிவிட்டால், பாதுகாப்புக்கென அமைத்த இடமே அழிவுக்கு வழிகாட்டும். தூண்டிலுக்கு மட்டும் அனுமதி என்னும் ஊர்க் கட்டுப்பாடு இங்கே இன்றியமையாதது. எல்.இ.டி. விளக்கு கொண்டு மீன்பிடிப்பதையும், இரு படகுகள் சேர்ந்து வலை இழுப்பதையும் மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் தடை செய்தது.

இக்கரையின் கடலடியும் மாறிவருகிறது. 2015ஆம் ஆண்டு இறுதியில் கட்டுமானம் தொடங்கி, 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் நாட்டின் வாணிகத்துக்குப் பெரும் வாய்ப்பு. அதன் அலைத்தடுப்புச் சுவரும் ஆழப்படுத்தும் பணியும் பார்களையும் மணற்கரைகளையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பது மீனவர்கள் 2022ஆம் ஆண்டில் நடத்திய நீண்ட போராட்டத்தின் முக்கியக் கேள்வியாக இருந்தது. மீன் வாழும் இடத்தின் நிலையைத் தொடர்ந்து அளந்து, முடிவுகளை ஊரார் அறியச் செய்வதும் மீன்வள நிர்வாகத்தில் அடங்கும்.

மீனவரே காவலர்

ஏறக்குறைய 590 கிலோமீட்டர் நீளமுள்ள கேரளக் கரையில் ஒவ்வொரு வலையையும் அதிகாரிகள் சோதிக்க இயலாது. ஏலக்கூடத்தில் ஓர் அளவுகோல், அதைப் பயன்படுத்த ஊரார் எடுத்த முடிவு, அம்முடிவை மதிக்கும் வியாபாரி ஆகிய மூன்றும் சேர்ந்தால் ரோந்துப் படகினும் மிகுந்த பயன் விளையும். குஞ்சு மீனுக்கு வாங்குவோர் இல்லையென்றால் அதைப் பிடிப்போரும் குறைவர். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும், 1984ஆம் ஆண்டில் உருவான அவற்றின் மாநிலக் கூட்டமைப்பான மத்ஸ்யபெடும் கடனும் ஏலமும் நடத்தும் இடங்களில், இவ்விதியைக் கடன் உறவுடன் இணைக்க வாய்ப்புண்டு.

பொறுத்திருக்கும் காலத்தில் அடுப்பெரிய வேண்டும். இதற்கெனவே சேமிப்பு-நிவாரணத் திட்டம் நடைமுறையில் உள்ளது. மீனவர் செலுத்தும் 1,500 ரூபாயுடன் மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்த்து, கேரளத்தில் 4,500 ரூபாயாகப் பஞ்ச மாதங்களில் வழங்கப்படுகிறது. உதவி உரிய காலத்தில் கைக்கு எட்டினால்தான் தடைக்காலம் தண்டனைக்காலமாகத் தோன்றாது. நிவாரணத் தொகையும் கடலடிப் பாறையைப் போலவே மீன்வளப் பாதுகாப்பின் ஒரு கருவியே.

இரு மாநில எல்லைக்கு அருகில் அமைந்த கோட்டுகால் போன்ற ஊர்கள் இம்முயற்சிக்கு ஏற்ற களங்கள். சாளைக்குக் குஞ்சுப் பருவத்தில் விலக்கு, கிளிமீனுக்குத் திறந்த கண்ணி, சிங்கி இறாலுக்குச் சினைக்காலப் பாதுகாப்பு, கலவாவுக்குப் பாரில் ஒதுக்கிடம், சுறாவுக்கு நீண்ட பொறுமை என ஒவ்வொன்றின் வாழ்க்கை முறைக்கும் ஏற்ற ஏற்பாட்டை ஊர்மட்டத்தில் வகுக்கலாம். ஆராய்ச்சி நிலையத்தின் அளவீடும் மீனவரின் கணிச்சமும் ஒரே மேசையில் அமர வேண்டும். அடுத்த பருவமழைக்குப் பின் கரையை நாடி வரும் இளஞ்சாளைக் கூட்டம் வளர்ந்த மீனாகக் கூடைக்கு வருமா, மீன்தூளாக மூட்டைக்குச் செல்லுமா என்பதை அம்மேசையில் எடுக்கும் முடிவே தீர்மானிக்கும்.